எண்பது வயது அம்மாவுக்கு என்ன பூ?



எண்பதாம் பிறந்தநாளுக்கு ஏற்றது மாலையா, மலர்க்கொத்தா என்று தலைப்பு. எதிரணித் தலைவர் பேசும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "தமிழ்ப் பேராசிரியர் நீங்க, நீங்க போய் வெள்ளைக்காரன் பொக்கேவுக்கு வக்காலத்து வாங்கலாமா?" நல்ல கேள்விதான். ஆனால் அவர் இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்த மாலையைப் பாருங்கள். அதில் இருப்பது செண்டுமல்லி, நடுவில் சம்பங்கி. இரண்டுமே மெக்சிகோ நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த செடிகள் ஐயா! (சிரிப்பு) மெக்சிகோக்காரன் பூ கழுத்தில் கிடந்தால் பண்பாடு, கையில் இருந்தால் அந்நியமா?

கொத்து தமிழனுக்குப் புதிதா? கொத்தாகப் பூப்பதற்கு இணர், துணர், மஞ்சரி என்று தனித்தனியாகப் பெயர் வைத்த மொழி இது. மாப்பிள்ளை அழைப்பில் மாலை கழுத்துக்கு, செண்டு கைக்கு. மதுரையிலே மீனாட்சி கையில் கிளியோடு இருப்பது என்ன? பூச்செண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூவை வரிசையாகச் சொன்னாரே, அந்தப் பெண்கள் பறித்த பூவையெல்லாம் முதலில் பாறை மேலேதான் குவித்தார்கள். பிறகுதான் சூடிக்கொண்டார்கள்.

எதிரணியில் ஒரு அம்மா அழகாகச் சொன்னார்கள். "அறுபதுக்கு மணிவிழா, எண்பதுக்கு முத்துவிழா. மாலை மாற்றாமல் என்ன விழா?" உண்மைதான். பிறந்த வருஷத்தின் பெயர் அறுபது வருஷம் சுற்றித் திரும்பி வரும்போது அது மணிவிழா. எண்பதைத் தாண்டியவரை ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்குப் பன்னிரண்டே கால் நிலவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆயிரத்துக்கு எண்பது வருஷமும் ஏறக்குறையப் பத்து மாதமும் ஆகும். நம்ம பாட்டன்மார் கணக்கில் கெட்டி.

ஆனா அம்மா, மாலை மாற்றிக்கொள்ள இரண்டு பேர் வேணுமே! எண்பது வயது வரைக்கும் ஜோடியாக இருப்பவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? ஐயா முன்னாலேயே போய்விட்ட வீட்டில் அந்த அம்மாவுக்கு எண்பது வராதா?

என் நண்பர் ஒருவர், என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவர், ஒருநாள் வந்து கேட்டார். "அம்மாவுக்கு எண்பது. பூ வாங்கணும். என்ன பூ வாங்கறதுன்னு வீட்டுல சண்டை." பையன் சொல்கிறானாம், வயசுக்கு ஒண்ணாக எண்பது ரோஜா. மருமகள் சொல்கிறாளாம், பெரிய கூடை, நடுவில் லில்லி. நண்பரின் அக்கா மட்டும், "அம்மாவுக்குப் பூவா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்களாம்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கணவர் இறந்து இருபத்திரண்டு வருஷம். தலையில் ஒரு பூ வைத்ததில்லை. ஆனால் தெருவிலேயே அவங்களைப் போல மல்லிகை தொடுக்க ஆள் கிடையாது. பேத்திக்குத் தொடுப்பாங்க, பிள்ளையாருக்குத் தொடுப்பாங்க, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தொடுப்பாங்க. தொடுத்து முடித்ததும் யாரும் பார்க்காதபோது விரலை மூக்கருகே கொண்டு போவாங்க. அவ்வளவுதான் அவங்க பங்கு.

புறநானூற்றிலே குடவாயிற் கீரத்தனார் பாட்டு ஒன்று. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்த பிறகு பூத்த முல்லையைப் பார்த்து, நீ ஏன் பூத்தாய் என்று புலவர் கேட்கிறார். அந்தத் துக்கத்தில் பூச்சூடாதவர் யார் யார்? இளைஞர்கள், வளையணிந்த பெண்கள், பாணன், பாடினி. ஊரே சூடவில்லை. நாம் என்ன செய்தோம்? ஊர் துக்கத்தை ஒருத்தி தலையில் கட்டினோம். பதினாறாம் நாள் நாம் எல்லோரும் எழுந்து நம் வேலையைப் பார்க்கப் போனோம். அவள் மட்டும் இருபத்திரண்டு வருஷம்! (கைதட்டல்)

நண்பரிடம் சொன்னேன்: "கழுத்துக்கு வேண்டாம், கூந்தலுக்கு வேண்டாம். கையில் கொடுங்க. கைக்கு என்ன தடை?"

அப்புறம் என்ன பூ என்று உட்கார்ந்தோம். எண்பது ரோஜாவைக் காம்போடு கட்டினால் இரண்டு மூன்று கிலோவுக்குக் குறையாது. எண்பது வயது மணிக்கட்டு தாங்குமா? மலர்க்கொத்தா, தேங்காய் மூட்டையா? முள் இருந்தால் இன்னொரு ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் வயது. சின்னக் கீறலும் சீக்கிரம் நிற்காது. லில்லியின் மகரந்தம் பட்டுப்புடவையில் பட்டால் கறை எளிதில் போகாது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்கிற ரோஜா, காதலர் தினத்துக்கு விமானம் ஏறிப் போகிற ரோஜா, கண்ணுக்கு ராஜா. மூக்குக்கு? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, மணத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் அதற்குக் கொத்தில் நிற்கக் காம்பு இல்லையே! அது நாருக்குப் பிறந்த பூ.

கடைசியில், பத்து வருஷத்துக்கு ஒரு தண்டாக எட்டு சம்பங்கித் தண்டு. மொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து எழுதுகிற ஊர் ஆயிற்றே, இன்னொன்று சேர்த்து ஒன்பது. ஓரத்தில் முள் எடுத்த பன்னீர் ரோஜா, இலைக்குப் பதில் மரிக்கொழுந்து. கடைக்காரரிடம் பிளாஸ்டிக் தாளும் ஜிகினாவும் வேண்டாம், வாழைநாரில் கட்டுங்கள் என்று சொன்னோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஜெர்பராவை அவராகவே நடுவில் செருகிவிட்டார், தொழில் விடாது பாருங்க.

பிறந்தநாள் அன்று நானும் போயிருந்தேன். பேரன் நீட்டினான். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "எனக்கு எதுக்குடா? அக்காகிட்ட குடு." எல்லாரும் சும்மா நின்றோம். பையன் விவரமானவன். "பாட்டி, சும்மா கொஞ்சம் பிடிச்சுக்க, நான் போட்டோ எடுக்கணும்" என்றான். போட்டோ எடுத்துவிட்டான். அம்மா கொடுக்கவில்லை. ஜெர்பராவைத் தொட்டுப் பார்த்து, "இது காகிதமாடா?" என்று கேட்டு உருவிப் போட்டார்கள். மற்றதை மடியிலேயே வைத்திருந்தார்கள். பந்தி முடிகிற வரைக்கும்.

இப்போ மாலையைப் பாருங்க. கழுத்தில் போட்டோம், ஒரு படம் எடுத்தோம், பத்தாவது நிமிஷம் கழுத்து அரிக்கும், கழற்றி ஆணியில் மாட்டுவோம். ஆணிக்குத்தான் மாலை, ஆளுக்கு இல்லை! சம்பங்கி அடியிலிருந்து மேலே பூத்துக்கொண்டே போகும். அந்த அம்மா பித்தளைச் சொம்பில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்கி, அடியில் வாடியதைக் கிள்ளிவிட்டு, ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நண்பர் சொன்னார், ராத்திரி சொம்பு அவங்க கட்டில் பக்கத்துக்குப் போய்விடுமாம்.

நடுவர் மணியைத் தேடுகிறார். எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். மாலைதான் வேண்டும் என்கிறீர்களே, அந்த அம்மா கழுத்தில் அதை யார் போடுவீர்கள்? போட்டால் அக்கா விடுவார்களா? அடுத்துப் பேச வருகிற நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.