பெட்டிக்குக் குளிருமா?

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்களிடம் போய், "உங்க வீட்டுல எத்தனை யூ.எஃப்.ஓ. இருக்கு?" என்று கேட்டால், வானத்தைப் பார்க்க மாட்டார்கள், அலமாரியைப் பார்ப்பார்கள். பறக்கும் தட்டுக்கு வைத்த அதே பெயரைத்தான் பாதியில் நின்றுபோன தையலுக்கும் வைத்திருக்கிறார்கள்!

'குவில்ட்' என்கிற அந்தப் போர்வை மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் நகராதபடி சேர்த்துத் தைக்க வேண்டும். நிறம் பார்த்துத் துண்டுகளை இணைப்பது குஷியான வேலை. அது முடிந்ததும் உற்சாகம் வடிந்துவிடும். முகத்துணி மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். பாட்டி இணைத்ததைப் பேத்தி கண்டெடுப்பதும் உண்டு.

அதை வீட்டிலேயே முடிக்க எளிய வழி இருக்கிறது. மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து ஊக்கு குத்த வேண்டும். நாலு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் கெட்டி நூலைக் கீழே இறக்கி, மேலே எடுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு நறுக்க வேண்டும். கடைசியாக ஓரத்துக்குப் பட்டி. போர்வை தயார்.

ஒரு பேத்தி கேட்டாளாம்: "இவ்வளவு அழகான துணியை ஏன் பாட்டி பெட்டியிலேயே வச்சிருந்தே?"

"அழுக்காயிடுமேன்னுதான்."

"சரி... பெட்டிக்குக் குளிருச்சா பாட்டி?"