வேலையின்மையும் ஏடுகளின் பாதிச் சாட்சியமும்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திற் சாட்சி சொல்ல வருபவன் உண்மை சொல்வேன் என்று மட்டும் சத்தியம் செய்வதில்லை. முழு உண்மையும் சொல்வேன் என்றே சத்தியம் செய்கின்றான். பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பவனை எந்த நீதிபதியும் நம்பமாட்டார். வேலையின்மை பற்றி நமது நாட்டு ஏடுகள் அளித்துவரும் சாட்சியத்தையும் இந்த அளவுகோல் கொண்டே ஆராய விரும்புகின்றோம்.

2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரிற் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேலாகச் சுருங்கியது. 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். ஆனால் வேலையின்மையோ, முந்திய ஆண்டின் 5.1 சதவீதத்திலிருந்து 4.7 ஆகக் குறைந்ததாம்! நாடு மூழ்கிய ஆண்டில் வேலையற்றோர் தொகை குறைந்த விந்தையை என்னென்பது?

அந்த எண் பொய்யன்று. அது சர்வதேச முறைப்படி எடுத்த கணக்கே. கணக்கெடுத்த வாரத்தில் ஒரு மணி நேரமேனும் உழைத்தவர் வேலையுள்ளவர் என்பது அதன் விதி. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூலி கண்ட மேசனும் வேலையுள்ளவன். தமையனின் கடையிற் சம்பளமின்றி நிற்கும் பட்டதாரியும் வேலையுள்ளவன். தேடித் தேடிக் களைத்துத் தேடுவதையே விட்டவனோ வேலையற்றோர் பட்டியலிலும் இல்லை! வேலை செய்யும் வயதுடைய பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். எஞ்சியோர் இக்கணக்குக்கு வெளியே நிற்கின்றனர். அதே 2022 இல், தொழிற்படையிலிருந்த 15 முதல் 24 வயது வரையானோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையற்றிருந்தனர். இவை யாவும் அதே திணைக்களத்தின் அறிக்கைகளில் உள்ளவையே. ஆயினும் கொட்டை எழுத்தில் வருவது 4.7 மட்டுமே.

இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. 1990 இல் தொடங்கிய காலாண்டுத் தொழிற்படை ஆய்வு, போர் காரணமாக வடக்கையும் கிழக்கையும் நெடுங்காலம் விட்டே நடந்தது. 2011 இலேயே எல்லா மாவட்டங்களும் அதிற் சேர்ந்தன. நம்மை எண்ணாத எண்ணை "நாட்டின்" எண் என்று அச்சிட்டால், வாசகன் எதனை நம்புவான்?

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1973 ஆம் ஆண்டுச் சட்டம் லேக் ஹவுஸ் பங்குகளில் 75 சதவீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. அன்று முதல் ஆட்சி மாறுந்தோறும் அங்கே நிர்வாகமும் மாறுகின்றது. தனியார் ஏடுகளோ விளம்பரத்தை நம்பி வாழ்வன. எதிரணி ஏடுகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. தமது கட்சி ஆட்சியேறியதும் நேற்றுப் பழித்த அதே எண்ணை இன்று போற்றுகின்றன.

இதனால் வரும் கேடு சிறிதன்று. வேலையற்றோர் சிலரே என்று நாடு நம்பினால், வேலை கிடையாத இளைஞன் சோம்பேறி என்றே பெயர் பெறுவான். அரசின் குறை அவன் குறையாக மாறிவிடும். பெற்ற தாயுங்கூட அவனையே குறை சொல்வாள்.

ஆகவே நாம் கோருவது சலுகையன்று. வேலையின்மை வீதத்தை அச்சிடும் ஏடு, அதன் வரைவிலக்கணத்தையும், இளைஞர், பெண்கள், மாவட்டங்கள் பற்றிய எண்களையும் அருகே அச்சிடட்டும். அச்சிடாத ஏட்டுக்கு நாம் எழுதுவோம். மாவட்ட விபரங்களை 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாமே கேட்டுப் பெறுவோம். ஊர்தோறும் வேலையற்றோரை நாமே எண்ணுவோம். பாதிச் சாட்சியத்தை உடைக்க வல்லது முழுச் சாட்சியம் ஒன்றே. அதனைத் திரட்டும் பொறுப்பு, இளைஞர்களே, உங்களுடையது!