அழிக்காத வெண்கட்டிக் குறி

நமது திருகோணமலைத் துறைமுகத்திலே ஒரு பண்டகசாலையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாதி நிரம்பிய தட்டில் மேலும் சரக்கு வைக்கலாம் என்பதற்கு அடையாளமாக இலிகிதர் வெண்கட்டியால் ஒரு குறி இடுகிறார். தட்டு காலியான பின்னும் அதை அழிக்க மறந்துவிட்டால், மறுநாள் வேறொருவர் அங்கே ஒப்படைத்த பொருளோடு, பழைய குறியை நம்பி வருகிறவன் தன் சரக்கையும் கலந்துவிடுவான் அல்லவா?

இத்தகைய மறதியொன்று லினக்ஸ் இயங்குதளத்தினுள் நேர்ந்தது. கோப்பைப் படிக்கும்போது அதன் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர் எவருக்கும் அவற்றையே வழங்குவது இயங்குதளத்தின் வழக்கம். பிரதி எடுக்கும் சிரமத்தைத் தவிர்க்க, சில வேளைகளில் அப்பக்கத்தையே ‘குழாய்’ எனப்படும் வழியில் நேராகச் செலுத்திவிடும். குழாயில் தரவைத் தாங்கும் அறைகளில் ‘மேலும் சேர்க்கலாம்’ என்னும் பழைய குறி அழியாதிருந்தமையால், பின்னால் வந்த எழுத்துகள் கோப்பின் பக்கத்திலேயே பதிந்தன. படிக்க மாத்திரம் அனுமதி பெற்றவன் மாற்றவும் வல்லவனானான்.

இக்குறை வெளிப்பட்ட கதை இது: 2021இல் வாடிக்கையாளர் ஒருவர், தாம் பெற்ற சுருக்கப்பட்ட பதிவுக்கோப்பை விரித்துப் படிக்க முடியவில்லை என்று முறையிட்டார். கோப்பின் இறுதி 8 பைட்டுகள் பழுதுபட்டிருந்ததைக் கண்ட மக்ஸ் கெல்லர்மன் என்னும் நிரலாளர், சிரத்தையோடு ஆராய்ந்து, மூலகாரணத்தையும் திருத்தத்தையும் 2022 பெப்ரவரி 20ஆம் திகதி அறிவித்தார். திருத்தமோ, இரண்டு இடங்களில் ஒவ்வொரு வரி. குறியைப் பூச்சியமாக்கு என்பதே அதன் சாரம்.

இரண்டு வரிதானே என்று, திருத்தத்தை ஏற்குமுன் சரிபார்க்கும் பரிசோதகர் கடந்துபோகலாமா? குறியை அழிக்காத குறை 2016இலேயே புகுந்தது. ஆயினும் அப்போது அபாயம் விளைக்கக்கூடிய குறி எதுவும் இருக்கவில்லை. 2020இல், முன்னையதை அறியாத வேறொரு மாற்றம், மேலும் சேர்க்கலாம் என்னும் குறியைப் புதிதாகக் கொணர்ந்தபோதுதான் பழைய மறதி விபரீதமாயிற்று. ஆகவே பரிசோதகர் மாற்றிய வரியை மட்டுமன்றி, அறைகளை நிரப்பும் இடங்கள் வேறு எவை, குறை எந்தப் பதிப்பிலிருந்து தொடங்குகிறது, எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கும் மருந்து செல்லவேண்டும் என்பவற்றையும் கேட்கக் கடமைப்பட்டவர். இத்திருத்தம் மூன்றே நாட்களில் 5.16, 5.15, 5.10 ஆகிய பதிப்புகளைச் சென்றடைந்தது.

லினக்ஸ் மரபில், திருத்தத்தைச் சரிபார்த்த பரிசோதகர் தம் பெயரைத் திருத்தத்தின் அடியிலே பொறிப்பார். மூட்டைகளைத் தாமே எண்ணிப் பார்க்காத கணக்கர் பற்றுச்சீட்டில் கையொப்பம் இடலாகாது. அந்தப் பெயருக்கும் அதே தர்மம்தான்.