முட்டைக்குப் பயப்படுகிறோம், வர்க்கிக்குப் பயப்படுவதில்லை

(பிக்கட்டியில் தேயிலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசாமல் கொழுப்பைப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். கூலியைத்தான் பேசப் போகிறோம்; கொஞ்சம் சுற்றி வருகிறோம்.

லைன் வீடுகளுக்குப் போயிருந்தபோது, கொழுந்து பறிக்கும் ஒரு தாய் சொன்னார்: "முட்டை வேண்டாங்க அண்ணே, கொலஸ்டிரால் ஏறிடும்கிறாங்க." அவர் கையில் சர்க்கரை நிறையப் போட்ட தேநீர், பக்கத்தில் இரண்டு வர்க்கி. அன்றைய காலைச் சாப்பாடே அதுதான்.

இந்தத் தட்டுக்கு இந்த மலையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், ராபர்ட் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒற்றை அறையில் உணவு ஆராய்ச்சி தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த அறையில் பிறந்ததுதான்.

அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்து உணவையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. சோறே பெரும்பாகமான நமது சென்னை ராஜதானியின் உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. சீக்கியன் பிறப்பிலேயே வீரன், தமிழன் பிறப்பிலேயே சோனி என்று சொல்லித் திரிந்த துரைமார்களுக்கு எலி சொன்ன பதில் இது.

இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி உண்ட உணவு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், இனிப்புத் தேநீர், டப்பா இறைச்சி, வேகவைத்த காய். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின, சிடுசிடுத்தன, கடைசியில் பலவீனமானவற்றைக் கொன்று தின்றன. ஆண்ட தேசத்துத் தொழிலாளிக்கும் தட்டு அப்படித்தான் இருந்தது! மைதா, வனஸ்பதி, சர்க்கரை, தேநீர்: நம் காலைச் சாப்பாடும் அதற்குத் தம்பிதானே? (வர்க்கி ருசியானதுதான், நாமும் தின்கிறோம். பலகாரம் சாப்பாடாகிவிட்டதுதான் கேடு.)

சரி, கொலஸ்டிரால் என்ன? அது விஷமல்ல. உடம்புக்கு வேண்டியது, பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சினால்தான் குழாயில் படிந்து மாரடைப்பில் கொண்டுவிடும். அதை ஏற்றிவிடுவதில் முட்டையைவிட, உறையும் ஜாதிக் கொழுப்புக்கும் வனஸ்பதிக்கும்தான் பங்கு அதிகம். ரேஷன் பாமாயிலில் கொலஸ்டிரால் கிடையாது. ஆனால் ஏறக்குறையப் பாதி உறையும் ஜாதி. அளவாக விடுங்கள், காய்ச்சிய எண்ணெயையே திரும்பக் காய்ச்சாதீர்கள். நல்ல தேகமுள்ளவருக்கு நாளுக்கு ஒரு முட்டை கெடுதலில்லை. சர்க்கரை வியாதியோ இருதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்தப் பயத்திலும் பணம் விளையாடியிருக்கிறது. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் அமைப்பு, ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. இருதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டி, கொழுப்பின் மேல் பழியைத் திருப்பிய கட்டுரை 1967-ல் வந்தது. பணம் கைமாறிய கதை 2016-ல்தான் அம்பலமாயிற்று. கொழுப்பு நிரபராதி என்று சொல்லவில்லை. கூட்டாளி தப்பிவிட்டான் என்கிறோம்.

நம் தட்டில் குறைவது புரதம். தசையும் ரத்தமும் அதனால்தான் ஆகின்றன. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் வேண்டும். 400 கிராம் அரிசியில் சுமார் 30 கிராம்தான் உண்டு. அதுவும் பருப்போ முட்டையோ கருவாடோ கூடச் சேர்ந்தால்தான் முழுப்பயன். 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம், வயிறு நிறைகிறது. துவரம் பருப்போ கார்டுக்கு மாதம் 1 கிலோ. நாலு பேருள்ள வீட்டில் ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்! அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. அவரை, மொச்சை, கொள்ளு, நிலக்கடலை, ராகிக்களி எல்லாம் நல்லவைதான். வாங்கக் காசு?

இங்கேதான் கூலி வருகிறது. மக்காரிசனுக்குப் பின் குன்னூர் ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைமை ஏற்றவர் அய்க்ராய்டு. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் ஒப்புக்கொண்டார்கள்: குறைந்தபட்சக் கூலி என்றால் அய்க்ராய்டு கணக்குப்படி சமச்சீரான உணவு வாங்கப் போதவேண்டும். வளர்ந்த ஓர் ஆளின் சாப்பாட்டை ஓர் அலகாக வைத்து, ஒரு தொழிலாளியின் கூலி 3 அலகுக்குப் போதவேண்டும். பெண்டு பிள்ளைகளின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தோட்ட முதலாளிகள் என்ன வாதாடினார்கள்? "தோட்டத்தில் பெண்டாட்டியும் வேலை செய்கிறாளே, ஒன்றரை அலகு போதும்!" அந்த ஒன்றரை அலகைப் பிடுங்கியது யார் தட்டிலிருந்து? சத்துணவில் 2010 முதல் பிள்ளைக்கு வாரம் 5 முட்டை கிடைக்கிறது. கூடை சுமக்கும் தாய்க்கு?

ஆகவே ஒரு வேலை தருகிறோம். ஒரு மாதம் உங்கள் வீட்டில் வாங்கிய பருப்பு, முட்டை, எண்ணெய், கருவாடு, காய்கறி எல்லாவற்றையும் விலையோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறோம். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் மேஜைமேல் முதலில் வைக்கப்போவது அந்தத் தாள்களைத்தான்.