பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள்

(இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் சாதி எங்கே இருக்கு என்று கேட்டால் உடனே பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் முன்பக்கத்திலேயே தீண்டாமை குற்றம் என்று அச்சடித்திருக்கிறது. சாதி அதற்கு வெளியே இருக்கிறது. வகுப்பைக் கூட்டுறது யாரு? கக்கூஸ் கழுவ யாரைக் கூப்பிடுறாங்க? கரும்பலகையில் கணக்குப் போட யாரைக் கூப்பிடுறாங்க? சுற்றுலா பஸ்ஸில் யார் பக்கத்தில் யார்?

பாபாசாகேப் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்தபோது ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கூப்பிட்டார். கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சோற்றுப் பாத்திரங்கள். அவர் பலகையைத் தொடுமுன் கூச்சல் போட்டு ஓடிப்போய்ப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் அன்றைக்கு வகுப்பு முழுக்க நடந்தது.

அவருடைய முதல் ரயில் பயணத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1901இல் அப்பாவைப் பார்க்கப் புதுத்துணி உடுத்திக் கிளம்பிய பிள்ளைகள். மசூர் ஸ்டேஷனில் மகார் என்று சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியது. இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டு வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கட்டிக்கொடுத்த சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாய்ப் படுத்தார்கள்.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் கதை என்ன? சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் "எனக்கு பஸ்ஸுல வாந்தி வரும் சார்" என்று ஒதுங்கிக்கொள்ளும். வாந்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை. வீட்டில் காசு இல்லை. நான் வங்கி கவுன்டரில் உட்காருகிறவன். உதவித்தொகை வந்துருச்சா என்று பாஸ்புக்கோடு தாய்மார்கள் நடையாய் நடப்பதைப் பார்க்கிறேன். பணம் வரும்போது பஸ் போய்த் திரும்பியிருக்கும்.

சரி, போகிற பஸ் எங்கே போகிறது? மாமல்லபுரம் போகிற பஸ், அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் நிற்பதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் ஊர் அது. வேளாங்கண்ணி போகிற பஸ் கீழ்வெண்மணிப் பக்கம் திரும்புவதில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட குடும்பங்களின் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்த மண் அது.

அதனால் நம்ம இரவுப் பாடசாலையில் ஒரு பருவத்துக்கு மூன்று வேலை செய்வோம்.

ஒன்று, கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, பலகையில் எழுதுவது எல்லாம் வரிசை எண்படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை.

இரண்டு, பிள்ளைகள் தங்கள் ஊர்ப் படத்தை வரையட்டும். தார்ரோடு எந்தத் தெருவோடு நிற்கிறது, தண்ணித்தொட்டி எங்கே, பஸ் நிறுத்தம் எங்கே, சுடுகாட்டுப் பாதை எது. ஆசிரியர் கோடு போட்டுக் காட்டக்கூடாது.

மூன்று, சுற்றுலா. முதலில் தாலுகா ஆபீஸ். செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்கீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892இல் நம்ம மக்களுக்கு ஒதுக்கிய நிலம் ஊரில் எவ்வளவு, இப்போ யார் கையில் என்று பதிவேட்டைப் பார்க்கக் கேட்கட்டும். கிளார்க் விரட்டினால் அதுவும் படிப்புதான். மனு எழுதப் பழகட்டும். அடுத்தது வெண்மணி. செலவு நம்ம பொறுப்பு. காசில்லை என்று ஒரு பிள்ளைகூட பஸ்ஸுக்குக் கீழே நிற்கக்கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பேசுவோம்.

ஜெய் பீம்.