அடுப்புக்கு மேலே ஒரு காவல்

வடையும் பூரியும் ஓயாது பொரியும் உணவு விடுதிச் சமையற்கூடங்களில், அடுப்புக்கு மேலே புகைக்கூண்டில் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும் எஃகு வடிகட்டிகளை உண்பவர் எவரும் காண்பதில்லையாயினும், அங்கு உழைப்பவரின் பிராணனுக்கு அவையே ரக்ஷையாக விளங்குகின்றன. விசிறி இழுக்கும் புகை, அவற்றின் மடிப்புத் தகடுகளுக்கிடையே வளைந்து செல்ல நேர்வதால், அதிலுள்ள எண்ணெய்த் துளிகள் உடன் திரும்ப இயலாமல் தகட்டில் மோதிப் படிந்து, கீழேயுள்ள கிண்ணத்தில் வழிந்து சேர்கின்றன. அத்தகடுகளில் பிசுக்கு ஏறிவிட்டாலோ, காற்றோட்டம் குன்றிப் புகை சமையற்காரரின் முகத்திலேயே வந்து அடிப்பதுடன், சட்டியிலிருந்து எழும் ஒரு ஜுவாலை அந்தப் பிசுக்கைப் பற்றிக் குழாய் வழியே பரவி, கட்டடம் முழுவதற்கும் அபாயம் விளைவிக்கக்கூடும். ஆதலின், இரவில் அடுப்பணைந்து ஆறிய பின், வடிகட்டிகளைக் கழற்றி, சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்கு உலர்ந்ததும், எண்ணெய் தேங்காது வழியுமாறு மடிப்புகள் மேலிருந்து கீழாக அமையும்படி பொருத்துதல் அவசியம். வடிகட்டி எஃகாக இல்லாமல் அலுமினியமாயின், அதற்குக் காஸ்டிக் சோடா ஆகாது. அது உலோகத்தையே அரித்துவிடும். விடுதி நடத்தும் அன்பர்களே, கல்லாவைப் பூட்டுமுன் இதனையும் ஒரு நித்திய கடமையாகக் கொள்ளுங்கள். ஊழியரின் க்ஷேமமே விடுதியின் க்ஷேமம்.