வள்ளி மறுத்த வேலன்



1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். முருக வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிய விசுவநாததாஸ் மேடையிலேயே உயிர் நீத்தார். அவர் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட குலத்தவர். நாடக மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை புகுந்தவர். திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லமும் உண்டு. தியாகி என்ற அந்தப் பெரும்பெயரின் நிழலில் ஒரு செய்தி மங்கிக் கிடக்கிறது. அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். காரணம் கலையன்று, சாதி.

சிவகாசிக்குச் சாதிப் பூசல் புதிதன்று. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி 1899இல் பெருங்கலவரம் கண்ட ஊர் அது. அப்போது தாஸ் சிறுவர்.

இந்த மறுப்புக்கு ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே வழிவிட்டது. அதில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவர். ஒத்திகையின்றி மேடையிலேதான் ஒருவரையொருவர் சந்திப்பர். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த தடத்தில் கதை நடக்கும். இடையே எழும் தர்க்கமோ அவரவர் திறம். அந்தச் சுதந்திரத்தால்தான் முருகன் வாயால் வெள்ளையராட்சியைச் சாட தாஸுக்கு இயன்றது. தனித்தனி ஒப்பந்தம் என்ற அதே ஏற்பாடு, ‘அவரோடு என்றால் வேண்டாம்’ என விலகுவோர்க்கும் இடம் தந்தது. வேடிக்கை என்னவெனில், குறமகளைத் தேடி வந்து தெய்வம் மணக்கும் கதையல்லவா அது! தெய்வம் குலம் பார்க்கவில்லை; குறத்தி வேடம் கட்டுவோர் பார்த்தனர்.

கடல் கடந்தும் இதற்கு ஒப்புண்டு. நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், பெரிய வேடங்களுக்காக 1820களில் இங்கிலாந்து செல்ல நேர்ந்தது. ஒத்தெல்லோவை ஷேக்ஸ்பியர் கரிய நிறத்தவனாகப் படைத்திருந்தும், வெள்ளையரே முகத்தில் மை பூசி அவ்வேடம் தரித்து வந்தனர். 1943இல் பால் ராப்சன் பிராட்வேயில் வெள்ளை நடிகை ஒருவரோடு அதை ஏற்றது பெரும் நிகழ்ச்சியாயிற்று. அரசியல் பேசியதற்காக 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. ராப்சனின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. தாஸின் பிறப்போ, அரிதாரத்துக்கு அடியிலும் விசாரித்தறியப்பட்டது.

அவையோரே, தாஸைச் சிறையிட்ட வெள்ளையனைச் சாடும் கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. விலகி நின்ற தமிழரைக் கேள்வி கேட்கும் கவிதை இனிமேல்தான் வேண்டும்.

அந்த மறுப்புகளுக்கு நடுவே அவரோடு துணிந்து நடித்தவர் ஒருவர் உண்டு: 1917இல் பிறந்த மதுரை கே. பி. ஜானகியம்மாள். அந்த அம்மையார் பின்னர் விடுதலைப் போரிலும் உழைக்கும் மக்கள் இயக்கத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.